ஏவுதளத்திலிருந்து வகுப்பறைக்கு: அமைப்புப் பொறியியலும் மேலாண்மையும் ஒரே பட்டமான வரலாறு

அமைப்புப் பொறியியலையும் மேலாண்மையையும் இணைத்து முதுநிலைப் பட்டம் தரும் படிப்புகளில் நன்கு அறியப்பட்ட ஒன்று, எம்.ஐ.டி.யின் ‘சிஸ்டம் டிசைன் அண்ட் மேனேஜ்மென்ட்’. அங்குள்ள பொறியியல் பள்ளியும் ஸ்லோன் மேலாண்மைப் பள்ளியும் சேர்ந்து 1990களின் நடுவில் அதைத் தொடங்கின. பொறியாளர்களுக்குக் கொஞ்சம் வணிகமும் தெரியட்டும் என்று பல்கலைக்கழகங்கள் யோசித்து உருவாக்கிய படிப்பாக இதைப் பார்ப்பது எளிது. அந்தப் பார்வை போதாது என்பதே இக்கட்டுரையின் வாதம். வகுப்பறைக்கு வருவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் முன்பே, அமெரிக்க ஏவுகணைத் திட்டங்களில், ஒரு திருத்தத்துக்கு யார் ஒப்புதல் தருவது என்ற கேள்வியில் இவ்விரு துறைகளும் ஒன்றாகிவிட்டன.

பொறியாளர் கணக்கும் அறிந்திருக்க வேண்டும் என்ற எண்ணம் பழையது. 1886இல் ஹென்றி டவுன் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தில் வாசித்த உரை அதைத்தான் வலியுறுத்தியது. 1914இல் எம்.ஐ.டி. ‘பொறியியல் நிர்வாகம்’ என்ற பாடப்பிரிவைத் தொடங்கியது. பின்னாளைய ஸ்லோன் பள்ளிக்கு வித்து அதுவே. இந்த முயற்சிகள் தொழிற்சாலையைக் கண்முன் வைத்தவை. ஆயிரக்கணக்கான பாகங்கள், பல நிறுவனங்களில் தனித்தனியே உருவாகி, கடைசியில் ஒன்றோடொன்று பொருந்த வேண்டிய பொருளைப் பற்றி அவற்றில் பேச்சில்லை. அந்தச் சிக்கலை முதலில் நேருக்கு நேர் சந்தித்தவர்களில் தொலைபேசி வலையமைப்பைக் கட்டிய பெல் ஆய்வகத்தினர் முக்கியமானவர்கள். அங்கு பணியாற்றிய ஆர்தர் ஹால் 1962இல் எழுதிய நூல், அமைப்புப் பொறியியலின் வழிமுறையை வகுத்துச் சொன்ன தொடக்க நூல்களில் ஒன்று.

திருப்பம் 1954இல் வந்தது. கண்டம் விட்டுக் கண்டம் பாயும் அட்லஸ் ஏவுகணையை உருவாக்கும் பொறுப்பை அமெரிக்க விமானப்படை பெர்னார்ட் ஷ்ரீவரிடம் ஒப்படைத்தது. தொழில்நுட்ப வழிகாட்டுதலை சைமன் ராமோவும் டீன் வுல்ட்ரிட்ஜும் நடத்திய நிறுவனம் ஏற்றது. அவசரம் கடுமையாக இருந்ததால், வடிவமைப்பு, உற்பத்தி, சோதனை எல்லாம் ஒரே நேரத்தில் நடந்தன. இதன் விளைவைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். ஏவுதளத்தில் நிற்கும் ஏவுகணையில் ஒரு வால்வு சரியில்லை என்று வைத்துக்கொள்வோம். அங்குள்ள பொறியாளர் அதை மாற்றிவிடுகிறார். அவர் செய்தது சரியும்கூட. ஆனால் வரைபடத்தில் பழைய வால்வே இருக்கிறது. தொழிற்சாலையில் அடுத்த ஏவுகணைக்கும் பழைய வால்வையே பொருத்துகிறார்கள். சோதனை தோற்றால், விழுந்து நொறுங்கிய ஏவுகணையில் உண்மையில் என்னென்ன இருந்தன என்று விசாரிப்பவர்களால் உறுதியாகச் சொல்ல முடியாது. செலவும் ஏன் கூடியது என்று தெரியாது.

இதற்கு மருந்தாக வந்ததுதான் உள்ளமைவு மேலாண்மை. மினிட்மேன் ஏவுகணைத் திட்டத்தில் அது முதிர்ந்தது. 1962இல் விமானப்படை அதைக் கையேடாகவே வெளியிட்டது. ஏற்கப்பட்ட வடிவமைப்பில் எந்தத் திருத்தம் செய்ய வேண்டுமானாலும் ஒரு குழுவின் முன் வர வேண்டும். அதோடு அத்திருத்தத்தின் செலவும் கால தாமதமும் கணக்கிட்டு வைக்கப்பட வேண்டும். இந்த ஒரு விதி செய்த வேலை மிகப் பெரியது. பொறியாளர் பணத்தைப் பற்றிப் பேசாமல் வால்வை மாற்ற முடியாது. மேலாளர் வால்வைப் புரிந்துகொள்ளாமல் பணத்தை மறுக்க முடியாது. 1964இல் மினிட்மேன் திட்டத்திலிருந்து சாமுவேல் பிலிப்ஸ் அப்போலோ திட்டத்துக்கு வந்தபோது இந்த முறையையும் கூடவே கொண்டுவந்தார்.

இதற்கு மறுபக்கச் சான்று ஐரோப்பாவில் கிடைக்கிறது. ஐரோப்பிய நாடுகள் கூட்டாக உருவாக்க முயன்ற யூரோப்பா ராக்கெட்டின் முதல் அடுக்கை பிரிட்டனும், இரண்டாவதை பிரான்சும், மூன்றாவதை மேற்கு ஜெர்மனியும் செய்தன. ஒவ்வொரு நாடும் தன் நிறுவனங்களுக்குத் தானே ஒப்பந்தம் கொடுத்தது. பொது அமைப்பான எல்டோவுக்கு அந்த நிறுவனங்கள்மீது அதிகாரமில்லை. 1964 முதல் 1971 வரை 11 முறை ஏவிப் பார்த்தார்கள். ஒரு செயற்கைக்கோளைக்கூடச் சுற்றுப்பாதையில் சேர்க்க முடியவில்லை. இந்நாடுகளில் திறமையான பொறியாளர்களுக்குப் பஞ்சமில்லை. அடுக்குகள் சந்திக்கும் இடத்துக்குப் பொறுப்பேற்க ஆளில்லை என்பதே என் துணிபு.

கருவிகளை மட்டும் இரவல் வாங்கினால் போதாது என்பதற்கு, பொலாரிஸ் நீர்மூழ்கி ஏவுகணைத் திட்டத்தில் 1958இல் உருவான பெர்ட் என்ற கால அட்டவணை முறை நல்ல எடுத்துக்காட்டு. திட்டத்தின் வெற்றிக்கு அதுவே காரணம் என்று உலகமே நம்பியது. ஹார்வி சபோல்ஸ்கி 1972இல் வெளியிட்ட ஆய்வு, திட்டத்துக்குள் அதன் பயன் குறைவு, வெளியாரின் தலையீட்டைத் தடுக்கும் கேடயமாகவே அது அதிகம் உதவியது என்று காட்டியது. மேலாண்மைப் பாடத்திட்டம் எழுதுவோர் அனைவரும் படிக்க வேண்டிய நூல் அது.

களத்தில் ஒன்றானவற்றைப் பல்கலைக்கழகங்கள் பிரித்தே எடுத்துக்கொண்டன. அரிசோனா பல்கலைக்கழகம் 1961இல் அமைப்புப் பொறியியல் துறையைத் தொடங்கியது. கணிதம் அதன் முதுகெலும்பு. மிசௌரியின் ரோலாவில் 1967இல் பொறியியல் மேலாண்மைத் துறை தோன்றியது. இரண்டும் மதிப்புக்குரியவை, ஆனால் வேறுவேறு கட்டடங்கள். கணினிப் பொறியாளரான ஜே ஃபாரெஸ்டர் 1956இல் எம்.ஐ.டி.யின் மேலாண்மைப் பள்ளிக்கே மாறிச்சென்றது அரிய விதிவிலக்கு.

1990களில் இந்தப் பிரிவைக் கடக்க உதவிய கருவிகளில் ஒன்று வடிவமைப்புக் கட்டமைப்பு அட்டவணை. 1981இல் டொனால்ட் ஸ்டீவர்ட் முன்வைத்த இதை ஸ்லோன் பள்ளியில் ஸ்டீவன் எப்பிங்கர் வளர்த்தெடுத்தார். பணிகளை வரிசையிலும் நிரலிலும் ஒரே ஒழுங்கில் எழுதி, எது எதன் தகவலை எதிர்பார்க்கிறது என்று குறியிட வேண்டும். பின்னால் வரும் பணியின் முடிவை முன்னால் உள்ள பணி எதிர்பார்த்தால், அந்தக் குறி மூலைவிட்டத்துக்கு மறுபுறம் விழும். அங்கே மறுவேலை காத்திருக்கிறது என்று பொருள். ஜெனரல் மோட்டார்ஸ் எஞ்சின் ஒன்றை உருவாக்கிய 22 குழுக்களை இப்படிப் பதிந்தபோது, எந்தக் குழுக்கள் ஒன்றாக உட்கார வேண்டும் என்பது எஞ்சினின் அமைப்பிலிருந்தே வெளிப்பட்டது. பொருளின் வரைபடமும் நிறுவனத்தின் வரைபடமும் ஒரே தாளில் வந்துவிடுகின்றன. எம்.ஐ.டி. படிப்பில் அமைப்புக் கட்டமைப்பு, அமைப்புப் பொறியியல், திட்ட மேலாண்மை மூன்றும் மையப் பாடங்களானதை இந்தப் பின்னணியில்தான் படிக்க வேண்டும். மாணவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே பணியில் இருந்த பொறியாளர்கள்.

இந்தக் கடைசிச் செய்தியை அடிக்குறிப்பாக ஒதுக்கக் கூடாது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆதரவுடன் ஸ்டீவன்ஸ் தொழில்நுட்பக் கழகமும் கடற்படை முதுநிலைப் பள்ளியும் முன்னின்று 2012இல் வெளியிட்ட அமைப்புப் பொறியியல் முதுநிலைப் பாடத்திட்ட வழிகாட்டி, சேரும் மாணவருக்குக் குறைந்தது 2 ஆண்டு நடைமுறை அனுபவம் வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. இளநிலை முடித்த கையோடு வருபவர்களைக் கொண்டு வகுப்பை நிரப்பும் கல்வி நிறுவனங்கள், இரு துறைகளிலிருந்தும் பாதிப் பாதி பாடங்களை எடுத்து ஒட்டிவிடலாம். ஒரு திருத்தத்தை மறுக்க நேர்ந்த பொறியாளருக்கு மட்டுமே புரியும் கேள்விகளை அந்த வகுப்பில் எழுப்ப ஆளிருக்காது.