82000: பொந்தியான் முகவரியில் ஓர் அரிய எண்

ஜொகூரின் தென்மேற்குக் கரையில், மலாக்கா நீரிணையை ஒட்டியிருக்கிறது பொந்தியான். அன்னாசிக்குப் பேர்போன மாவட்டம். ஆசியப் பெருநிலத்தின் தென்கோடியான தஞ்சோங் பியாயும் இங்கேதான் இருக்கிறது. ஊருக்கு வரும் கடிதங்களின் அஞ்சல் குறியீடு 82000. பக்கத்து பெனுட்டுக்கு 82200, குக்குப்புக்கு 82300. கடிதங்களைப் பிரிக்க வசதியாக வைத்த எண்தான். ஆனாலும் அதற்கு நிகரான இன்னோர் எண் இதுவரை யாருக்கும் அகப்படவில்லை.

அதன் அருமை விளங்க, இரண்டே குறிகளால் எழுதும் பழைய வழக்கத்திலிருந்து தொடங்கவேண்டும். தமிழ் யாப்பில் அசை இரண்டு: நேர், நிரை. இவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்தால் தேமா, புளிமா, கூவிளம், கருவிளம் என நான்கு சீர்கள் வரும். மூன்று அசைக்கு எட்டு, நான்கு அசைக்குப் பதினாறு. ஓரசை கூடக்கூட எண்ணிக்கை இரட்டிக்கும். வடமொழியில் பிங்கலரும் குறில் நெடில் வரிசைகளை இப்படித்தான் கணக்கிட்டார். ஐரோப்பாவில் லைப்னிட்ஸ் 0, 1 மட்டும் கொண்ட இருநிலை எண்முறையை 1703-இல் கட்டுரையாக வெளியிட்டார். இன்றைய கணினிகள் அந்த முறையில்தான் ஓடுகின்றன.

இருநிலையில், அதாவது அடிமானம் 2-இல், 82000 என்பது 10100000001010000. இதில் வியப்பில்லை, எந்த எண்ணும் அங்கே 0, 1 ஆகத்தான் வரும். 0, 1, 2 என மூன்று இலக்கங்களால் எழுதும் அடிமானம் 3-இல் 2-உம் தலைகாட்டலாம். ஆனால் வருவதோ 11011111001. அடிமானம் 4-இல் 110001100.

அடிமானம் 5-இல்தான் உண்மையான அதிசயம். 5-இன் ஏழாம் அடுக்கு 78125, ஐந்தாம் அடுக்கு 3125, நான்காம் அடுக்கு 625, மூன்றாம் அடுக்கு 125. ஒவ்வொன்றையும் ஒரே ஒருமுறை எடுத்துக் கூட்டினால் மிச்சமில்லாமல் 82000. எழுதினால் 10111000. மலேசியாவில் நான்காம் படிவக் கணிதத்திலேயே அடிமானங்கள் பாடமாக இருப்பதால், பொந்தியான் மாணவர்கள் தங்கள் ஊர்க் குறியீட்டைத் தாங்களே சரிபார்த்துப் பார்க்கலாம். பார்க்கவும் வேண்டும்.

85-கூட அடிமானம் 2 முதல் 4 வரை 0, 1 மட்டுமே கொண்டு தாங்கும்: 1010101, 10011, 1111. ஐந்தில் 320 ஆகி விழுந்துவிடும். 1-க்கு மேற்பட்ட எண்களில் 2 முதல் 5 வரை நான்கு அடிமானங்களிலும் 0, 1 மட்டுமே கொண்ட மிகச் சிறியது 82000. நீல் ஸ்லோன் 1964-இல் சேகரிக்கத் தொடங்கிய முழு எண் தொடர்க் களஞ்சியத்தில் இதற்கென ஒரு வரிசை உண்டு. அதில் இருப்பவை 0, 1, 82000, அவ்வளவுதான். கணினிகள் மிகப் பெரிய எண்கள் வரை துழாவியும் நான்காவது உறுப்பு கிடைக்கவில்லை. எண் பெருகப் பெருக இலக்கங்களும் பெருகும். அத்தனை இடங்களிலும் 0, 1 மட்டுமே அமைவது மேலும் அரிதாகும். ஆகவே இனி ஒன்று இருக்காது என்றே கருதுகிறார்கள். ஆனால் அதை யாரும் நிறுவிக் காட்டவில்லை.

அடிமானம் 6-இல் 82000-உம் 1431344 ஆகிவிடுகிறது. 2 முதல் 6 வரை ஐந்து அடிமானங்களிலும் தாங்கும் எண், 0, 1 நீங்கலாக, ஒன்றுகூடத் தென்படவில்லை.