ஹாவியேர்: பேரா மாறின ஒரு வீடு

'ஸ்கைஃபால்' படத்துல ஜேம்ஸ் பாண்டுக்குத் தண்ணி காட்டின வில்லன் ஞாபகம் இருக்கா? அந்த நடிகரை நம்மில் பல பேர் 'ஜேவியர் பார்டெம்'னு சொல்லுவோம். ஸ்பெயின்ல அவர் 'ஹாவியேர்'. எக்ஸ்-மென் கதையோட புரொஃபசர் சேவியர், பார்சிலோனா டீம்ல ஆடின சாவி, நம்ம தூத்துக்குடி, குமரிப் பக்கத்து சவேரியார், சவேரிமுத்து எல்லாமே இதே பேருதான்.

இது ஸ்பானிஷ் பேரு, சரி. ஆனா ஸ்பானிஷ் சொல் இல்லை! மூலம், பாஸ்க் மொழி. ஸ்பெயினும் பிரான்சும் சந்திக்கிற பிரனீஸ் மலையோட மேற்குப் பகுதியில பேசுற மொழி அது. உலகத்துல வேற எந்த மொழியோடயும் அதுக்கு உறவு இருக்கிறதா நிரூபிக்க முடியலை. அதுல 'எச்சே'ன்னா வீடு, 'பெர்ரி'ன்னா புதுசு. 'எச்சேபெர்ரி', அதாவது புது வீடு. அந்தச் சொல் அக்கம்பக்கத்து மொழிக்காரங்க வாயில தேய்ஞ்சு தேய்ஞ்சு 'ஷவியேர்' ஆச்சு. 'எச்செவெரியா'ங்கிற குடும்பப் பெயரும் இதே சொல்லிலிருந்து வந்ததுதான். ஒருத்தர் பேரு ஹாவியேர் எச்செவெரியான்னு இருந்தா, அவர் 'புதுவீடு புதுவீடு'!

சரி, வீடு எப்படி ஆள் பேராச்சு? நவார்ரா நாட்டுல ஹாவியேர்னு ஒரு ஊர், அதுல ஒரு கோட்டை. 1506-ல் அங்கே பிறந்தவர் ஃபிரான்சிஸ். 1512-ல் நவார்ராவை ஸ்பானியப் படை பிடிச்சது. அதை மீட்க நடந்த முயற்சி தோத்ததும், 1516-ல் அந்தக் கோட்டையோட மதில்களையும் கோபுரங்களையும் இடிக்க உத்தரவு வந்தது. அப்போ அந்தப் பையனுக்குப் பத்து வயசு. 'புது வீடு' கண் முன்னாடியே இடிஞ்சது.

அவர்தான் பின்னாடி இயேசு சபையில் சேர்ந்து, 1542-ல் இந்தியா வந்து, நம்ம முத்துக்குளித்துறைப் பரதவர்கள் மத்தியில வேலை செஞ்ச பிரான்சிஸ் சேவியர். 1544-ல் கொச்சியிலிருந்து எழுதின கடிதத்துல, இந்த மக்களோட மொழி 'மலபார்', என்னோடது பாஸ்க், அதனால ஒருத்தரை ஒருத்தர் புரிஞ்சுக்க முடியலைங்கிற அர்த்தத்துல எழுதுறார். தமிழைத்தான் அன்னைக்கு ஐரோப்பியர்கள் அப்படிச் சொன்னாங்க. கவனிங்க, தன் மொழி ஸ்பானிஷ்னு அவர் சொல்லலை.

1622-ல் அவருக்குப் புனிதர் பட்டம் கிடைச்சது. அதுக்கப்புறம் கத்தோலிக்கக் குடும்பங்கள் பிள்ளைகளுக்கு 'ஃபிரான்சிஸ்கோ ஹாவியேர்'னு பேர் வச்சாங்க. போகப்போக முன்பாதி உதிர்ந்து, ஊர்ப் பேரே ஆள் பேரா நின்னுடுச்சு.

உச்சரிப்பு? பழைய ஸ்பானிஷ்ல எக்ஸ் எழுத்துக்கு 'ஷ' ஒலி. 16, 17-ஆம் நூற்றாண்டுகள்ல அது தொண்டைக்குள்ள இறங்கி 'ஹ' மாதிரி ஆனது. 1815-ல் எழுத்தும் 'ஜே' ஆச்சு. போர்த்துக்கீசியர் மட்டும் 'ஷ'வை விடலை. நம்ம 'சவேரியார்'ல இருக்கிற 'ச'வும் அந்தப் பழைய ஒலிக்குப் பக்கத்துலதான் நிக்குது.

இதுல ஒரு முரண். 1938-ல், உள்நாட்டுப் போர் நடக்கும்போதே, ஃபிராங்கோ அரசு குழந்தைகளோட பேரை ஸ்பானிஷ்லதான் பதியணும்னு உத்தரவு போட்டது. 'ஹாவியேர்'க்குத் தடையில்லை, அது ஸ்பானிஷ் கணக்கு. அதையே பாஸ்க்ல 'ஷாபியேர்'னு எழுதினா பதிய முடியாது. சொல்லைக் கொடுத்த மொழிக்கே அந்தச் சொல்லை எழுத உரிமை இல்லை! ஃபிராங்கோ 1975-ல் இறந்தார். 1977-ல் வந்த சட்டம்தான் அந்த உரிமையைத் திருப்பிக் கொடுத்தது.

ஒரு மொழியை அழுத்துறவங்க, அதோட சொற்களை எல்லாம் தூக்கி எறியறதில்லை. சிலதைத் தங்களோடதுன்னு எழுதிக்கிறாங்க. அதனால ஒரு பேரு எந்த நாட்டுதுன்னு கேட்கிறதோட நிறுத்தாம, எந்த மொழியிலிருந்து வந்ததுன்னும் கேளுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!