தேன்காட்டிப் பறவையும் மனிதக் குரலும்

தேன்காட்டி சகாராவுக்குத் தெற்கே ஆப்பிரிக்காவில் வாழும் சிறு பறவை. தேன் எடுப்பவர்களை அணுகி, விடாமல் ஒலி எழுப்பி, மரத்துக்கு மரம் பறந்து தேன்கூடு இருக்கும் இடம் வரை கூட்டிச் செல்லும். மனிதர் புகை போட்டுத் தேனீக்களை அடக்கி, கோடரியால் பொந்தைப் பிளந்து தேனை எடுப்பர். எஞ்சும் மெழுகும் புழுக்களும் பறவைக்கு உணவாகும். மெழுகைச் செரிக்கக்கூடிய மிகச் சில பறவைகளுள் இதுவும் ஒன்று. இப்பழக்கம் பற்றிய எழுத்துப் பதிவுகள் நானூறு ஆண்டுகளுக்கு முற்பட்டவை. ஆனால் பறவை இதில் மனிதரிடமிருந்து எதையேனும் கற்கிறதா என்று சோதித்தது அண்மையில்தான்.

1588-இல் இன்றைய மொசாம்பிக்கின் சோஃபாலாவில் இருந்த போர்த்துகீசிய மதகுரு ஜோவாவ் தோஸ் சாந்தோஸ், தேவாலயச் சுவர் விரிசல்கள் வழியே ஒரு பறவை நுழைந்து மெழுகுவர்த்தியைக் கொத்தித் தின்பதைக் கண்டார். அதே பறவை மனிதரைத் தேன்கூட்டுக்கு அழைத்துச் செல்வதையும் குறித்து வைத்தார். 1777-இல் சுவீடன் இயற்கையியலாளர் ஆண்டர்ஸ் ஸ்பார்மன் அதற்கு அறிவியல் பெயரிட்டார். இன்றுள்ள பெயர் இண்டிகேட்டர் இண்டிகேட்டர், அதாவது சுட்டிக்காட்டுவது.

1955-இல் இப்பறவைகள் பற்றி விரிவான நூல் எழுதிய அமெரிக்கப் பறவையியலாளர் ஹெர்பர்ட் ஃபிரீட்மன், வழிகாட்டுவதைப் பிறவிக் குணமாகவே கருதினார். ஆனால் மக்கள் காட்டுத்தேன் தேடுவதைக் கைவிட்ட இடங்களில் பறவையும் வழிகாட்டுவது குறைந்துவருவதை அவரே பதிவுசெய்துள்ளார். பிறவிக் குணம் மட்டுமே என்றால் சில தலைமுறைகளுக்குள் அது ஏன் மங்க வேண்டும்? அவருடைய நூலில் அதிகம் சிந்திக்க வைக்கும் இடம் இதுதான்.

வேட்டைக்காரர் சொல்லிவந்ததை முதலில் அளந்து காட்டியவர்கள் கென்யாவின் ஹுசைன் ஐசக்கும் ஹைன்ஸ் உல்ரிச் ரேயரும். வடக்குக் கென்யாவின் போரானா மக்களுடன் அவர்கள் செய்த ஆய்வு 1989-இல் வெளிவந்தது. பழக்கமில்லாத நிலப்பகுதியில் ஒரு கூட்டைக் கண்டுபிடிக்கப் பறவையின் துணையின்றிச் சராசரியாக 8.9 மணி நேரம் ஆனது, துணையுடன் 3.2 மணி நேரமே ஆனது.

அடுத்து மனிதர் எழுப்பும் ஒலியின் மீது கவனம் திரும்பியது. மொசாம்பிக்கின் நியாசா காப்பகத்தில் யாவோ மக்கள் நாவதிரும் நீண்ட ஒலியை எழுப்பி, ‘ஹ்ம்’ என்ற முனகலுடன் முடித்துப் பறவையை அழைப்பர். தந்தையரிடம் கற்றது என்பர். கிளேர் ஸ்பாட்டிஸ்வுட் குழு 2016-இல் வெளியிட்ட சோதனையில், வேறு ஒலிகளுக்குப் பறவை வழிகாட்டும் வாய்ப்பு 33 விழுக்காடாக இருந்தது. இந்த அழைப்புக்கு 66 ஆக உயர்ந்தது. வடக்குத் தான்சானியாவின் ஹட்சா மக்களோ சீழ்க்கை அடித்து அழைப்பவர்கள். 2023-இல் ஸ்பாட்டிஸ்வுட்டும் பிரையன் வுட்டும் இரு இடங்களிலும் இரு ஒலிகளையும் ஒலிக்கவிட்டுப் பார்த்தனர். தான்சானியப் பறவைகள் யாவோ ஒலியைவிட ஹட்சா சீழ்க்கைக்கு மூன்று மடங்குக்கும் மேலாக இசைந்தன. மொசாம்பிக் பறவைகள் யாவோ ஒலிக்கு ஏறக்குறைய இரு மடங்கு இசைந்தன. அதாவது பறவை தன் ஊராரின் அழைப்பை அறிந்திருக்கிறது.

இந்த அறிவு பெற்றோர் வழியே வந்திருக்க முடியாது. குயிலைப் போலவே தேன்காட்டியும் பிற பறவைகளின் கூட்டில் முட்டையிட்டுப் போய்விடும். குஞ்சு தன் கொக்கி அலகால் அக்கூட்டுக் குஞ்சுகளைக் கொன்றுவிட்டு, பஞ்சுருட்டான் போன்ற வளர்ப்புத் தாயிடம் வளரும். தேன்கூட்டுக்கு ஆள் அழைக்கப் பஞ்சுருட்டானுக்குத் தெரியாது. ஆகவே கூட்டைவிட்டு வெளியேறிய பிறகு, எந்த ஒலி எழுப்புபவரைப் பின்தொடரச் செய்தால் மெழுகு கிடைக்கிறது என்பதைப் பறவை அனுபவத்தில் கற்கிறது என்பதே ஏற்கத்தக்க விளக்கம்.

கற்பிக்க ஆள் இல்லாத இடங்கள் இன்று பெருகிவருகின்றன. கடைச் சர்க்கரை வந்த ஊர்களில் தேன் வேட்டை குறைந்தது. பல காப்பகங்களில் தேன் எடுக்கச் சட்டம் இடம் தருவதில்லை. நியாசா காப்பகத்துக்குள் மக்கள் குடியிருப்பதால், அங்கே யாவோ ஆண்கள் இன்றும் கோடரியுடன் காட்டுக்குள் நடந்தபடி பறவையை அழைக்கிறார்கள்.