பொட்டாசுப் பசளைத் தெரிவும் விவசாயியின் கைமுதலும்

2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதிக்கு விதிக்கப்பட்ட தடையும், அதே ஆண்டு நவம்பரில் அத்தடை விலக்கப்பட்ட பின்னர் ஏற்பட்ட விலையேற்றமும் இந்நாட்டு விவசாயிகளுக்குக் கசப்பான பாடமொன்றைப் புகட்டின. பசளை என்பது கணக்கின்றி அள்ளி வீசும் பொருளன்று என்பதே அப்பாடமாகும். பொசுபேற்றுக்கு எப்பாவலையில் படிவு உண்டு. பொட்டாசுக்கோ அத்தகைய சுரங்கம் எதுவும் எமக்கில்லை. கனடா, ரஷ்யா, பெலாரஸ் ஆகிய நாடுகளில் அகழ்ந்தெடுக்கப்படும் உப்பையே உலகம் பெரிதும் நம்பியிருக்கின்றது. எனவே, எந்தப் பயிருக்கு எந்தப் பொட்டாசு என்பதை அறிந்து வாங்குவது விவசாயியின் கைமுதலைக் காக்கும் காரியமாகும்.

பொட்டாசியம் இலையில் உருவாகும் சீனியைக் கிழங்குக்கும் மணிக்கும் கொண்டு சேர்க்கத் துணைபுரிகின்றது. பயிரின் நீர்ச் சமநிலையைப் பேணுகின்றது. உருளைக்கிழங்கு இவ்வூட்டத்தைப் பெருமளவில் உறிஞ்சும் பயிராகும். ஒரு தொன் கிழங்கு ஏறத்தாழ 5 முதல் 6 கிலோ வரையான பொட்டாசைத் தோட்டத்திலிருந்து எடுத்துச் செல்கின்றது. ஹெக்டேயருக்கு 20 தொன் விளைந்தால் 100 கிலோவுக்கு மேற்பட்ட பொட்டாசு மண்ணை விட்டு நீங்குகின்றது. இதனை ஈடுசெய்யாவிடின் விளைச்சல் குறைவதோடு, அடிபட்ட கிழங்கின் உட்சதை கறுப்பதும் அதிகரிக்கும்.

சந்தையில் பிரதானமானவை இரண்டு. முதலாவது மியூரியேற் ஒப் பொட்டாஷ் எனப்படும் பொட்டாசியம் குளோரைட்டு. இதில் பொட்டாசு 60 சதவீதம். எஞ்சியதிற் பெரும்பகுதி குளோரைட்டாகும். சிவப்பு, வெள்ளை என இரு நிறங்களில் இது கிடைக்கின்றது. சிவப்பு நிறம் இரும்புக் கலப்பினால் வருவதேயன்றி ஊட்டத்தில் கருதத்தக்க வேறுபாடில்லை. இரண்டாவது பொட்டாசியம் சல்பேற்று. இதில் பொட்டாசு 50 சதவீதமும் கந்தகம் சுமார் 17 சதவீதமும் உள்ளன. குளோரைட்டு மிகச் சொற்பம். விலையோ அதிகம்.

நெல்லுக்கும் சோளத்துக்கும் மலிவான குளோரைட்டு வகையே போதுமானது. சம்மாந்துறையிலோ கிளிநொச்சியிலோ வயல் செய்பவர் நெல்லுக்காகச் சல்பேற்றுக்கு மேலதிகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. மாறாக, நெற்பயிர் எடுக்கும் பொட்டாசின் பெரும்பங்கு வைக்கோலிலேயே தங்கிவிடுகின்றது என்பதை அவர் நினைவிற் கொள்ளல் வேண்டும். வைக்கோலை எரிக்காது வயலுக்கே மீளச் சேர்ப்பவர் பசளைச் செலவில் ஒரு பகுதியை மீதப்படுத்துகின்றார்.

உருளைக்கிழங்கின் நிலை வேறு. அளவுக்கு மீறிய குளோரைட்டு கிழங்கின் மாப்பொருளையும் உலர் எடையையும் குறைக்கின்றது. குளோரைட்டு வகையின் உவர்ப்புச் சுட்டெண் 116. சல்பேற்றுக்கு 46 மாத்திரமே. வலிகாமத்தில் கிணற்று நீரை இறைத்துச் செய்யப்படும் தோட்டங்களில், கிணறு ஏற்கனவே உவர்ப்பாயின் குளோரைட்டு வகை அவ்வுவர்ப்பைக் கூட்டும். அங்கு சல்பேற்றே தகுந்தது. வெங்காயத்துக்கு அதிலுள்ள கந்தகம் மேலதிக நன்மையாகும். புகையிலையின் எரியும் தன்மையைக் குளோரைட்டு கெடுக்கும் என்பதால் அதற்கும் சல்பேற்றே உகந்தது. நுவரெலியா, வெலிமடை போன்ற பகுதிகளில் மழை குளோரைட்டைக் கழுவிச் செல்லுமாதலால், நடுகைக்குச் சில வாரங்களுக்கு முன்னரே குளோரைட்டு வகையை மண்ணிற் கலந்துவிடலாம். எவ்வகையாயினும் விதைக்கிழங்கின் மீது நேரடியாகப் படுமாறு இடுதலாகாது.

விலையை மூடைக்கு மூடை ஒப்பிடுவது தவறாகும். 50 கிலோ குளோரைட்டு மூடையில் 30 கிலோ பொட்டாசும், சல்பேற்று மூடையில் 25 கிலோவும் உள்ளன. மூடையின் விலையை இவ்வெண்ணாற் பிரித்தால் ஒரு கிலோ பொட்டாசின் உண்மை விலை தெரியவரும். 100 கிலோ பொட்டாசுக்குக் குளோரைட்டு வகையில் சுமார் 167 கிலோவும் சல்பேற்றில் 200 கிலோவும் வேண்டும். பின்னதில் 34 கிலோ கந்தகமும் சேர்ந்து கிடைக்கின்றது.

அடுப்புச் சாம்பலிலும் பொட்டாசு உண்டு. ஆயினும் அது மண்ணின் காரத்தன்மையைக் கூட்டுவதால், சுண்ணாம்புக் கல்லின் மீதமைந்த யாழ்ப்பாண மண்ணுக்கு அளவாகவே இடல் வேண்டும். காரம் மிகுந்தால் உருளைக்கிழங்கில் சொறி நோய் தலைதூக்கும். பொட்டாசு மிகுந்தாலும் கேடுண்டு. மக்னீசியத்தைப் பயிர் எடுப்பதை அது தடுத்துவிடும். ஆகவே, மண்ணைப் பரிசோதித்த பின்னரே அளவைத் தீர்மானித்தல் அவசியமாகும்.

நகையை அடகு வைத்துப் பசளை வாங்கும் விவசாயிக்குக் கடைக்காரரின் வாய்ச்சொல் மாத்திரமே வழிகாட்டியாக இருத்தல் கூடாது. மூடையிலுள்ள ஊட்டத்தின் வீதமும் குளோரைட்டின் அளவும் தமிழிலும் சிங்களத்திலும் தெளிவாகப் பொறிக்கப்படல் வேண்டும். மண் மற்றும் கிணற்று நீர்ப் பரிசோதனை, போகம் தொடங்குமுன் கமநல சேவை நிலையங்களின் ஊடாகக் கிராமந்தோறும் விவசாயிகளைச் சென்றடைதல் வேண்டும். பசளைக்கு மானியம் வழங்குவதோடு அரசின் கடமை முடிந்துவிடுவதில்லை. அப்பசளையை அறிந்து பயன்படுத்தும் வழியையும் காட்டுவதே உழுபவனுக்குச் செய்யும் உண்மையான உதவியாகும் என்பதைச் சம்பந்தப்பட்டோரின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகின்றோம்.