பெங்களூர் முன்தோட்டமும் கொடித்தட்டியும்

பெங்களூரின் தென்கிழக்கே, ஆனேக்கல் வட்டத்தில், ஓசூர் சாலையை ஒட்டி அமைந்த பொம்மசந்திரா இன்று தொழிற்பேட்டையாகவே அறியப்படுகிறது. எனினும், அங்குள்ள ஆலைகளின் முகப்பில் கத்தரித்த புல்தரையும் வரிசையாக நட்ட குரோட்டன்ஸும் மதிலின்மேல் வழியும் காகிதப்பூக் கொடியும், பெங்களூரில் நெடுங்காலமாக உருவாகி வந்த முன்தோட்ட வழக்கத்தின் தொடர்ச்சியே ஆகும். இவ்வழக்கத்தை ஆங்கிலேயரின் கொடை என்று மட்டும் எழுதுவது பொருந்தாது.

1760-இல் ஹைதர் அலி லால்பாக் தோட்டத்தைத் தொடங்க, அவர் மகன் திப்பு சுல்தான் அதை விரிவாக்கினார். 1800-இல் பெங்களூருக்கு வந்த ஆய்வுப் பயணி பிரான்சிஸ் புக்கானன், சுல்தான்களின் தோட்டங்கள் சதுரப் பாத்திகளாகப் பிரிக்கப்பட்டிருந்ததையும், நடைபாதையோரங்களில் சைப்ரஸ் மரங்கள் நின்றதையும், ஒவ்வொரு பாத்தியிலும் ஒரே வகைச் செடி, ஒன்றில் ரோஜா மட்டும், மற்றொன்றில் மாதுளை மட்டும் என வளர்க்கப்பட்டதையும் பதிவு செய்துள்ளார். ஒழுங்காக அளந்து நடும் முறை, ஆகவே, ஆங்கிலேயரின் பங்களாக்களுக்கு முன்பே இங்கு இருந்தது. தமிழை ஒட்டிய பேச்சுவழக்கு உடையவர்களும், கரகத் திருவிழாவை நடத்துபவர்களுமான திகளர் சமூகத்தினர் இந்நகரின் காய்கறி, பூத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்துவந்தனர்.

1809-இல் ஆங்கிலேயரின் கன்டோன்மென்ட், அதாவது படைக்குடியிருப்பு, அமைந்தபின் மதில் சூழ்ந்த காம்பவுண்டும் அதன் நடுவே பங்களாவும் வந்தன. அப்பங்களாக்களின் சன்னல்களுக்கு மேல் கூர்முனைப் பலகைகளால் அமைந்த 'மங்கி டாப்' என்னும் மறைப்பும், போர்ட்டிகோவில் மெல்லிய மரச்சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாக அறைந்த பின்னல் தட்டியும் இடம்பெற்றன. தமிழர் அறிந்த பந்தல் தலைக்குமேல் கிடையாகப் படர்வது, நிழலும் காயும் தருவது. தட்டியோ நிமிர்ந்து நிற்பது, தெருவின் பார்வையைத் தடுத்துக் காற்றை மட்டும் விடுவது. ஆயினும் இரண்டுக்கும் வேண்டிய கைவேலை ஒன்றே. முல்லை தானே சுற்றி ஏறும். காகிதப்பூவுக்குப் பற்றுக்கம்பி இல்லை, முள்ளை ஊன்றித் தொற்றிக்கொள்வது மட்டுமே அதற்கு இயலும் என்பதால், தண்டு பருக்க இடம் விட்டு, அதை வாழைநாரால் சட்டத்தோடு தளர்வாகக் கட்ட வேண்டும். இந்த நுணுக்கம் அறிந்த தோட்டக்காரர்களின் கைதான், வீட்டு உரிமையாளரின் விருப்பத்தைக் காட்டிலும், இத்தோட்டங்களை உண்மையில் வடிவமைத்தது என்று கொள்வதே நியாயம்.

1856-இல் லால்பாக் அரசுத் தாவரவியல் தோட்டமாயிற்று. 1874 முதல் அதன் பொறுப்பிலிருந்த ஜான் கேமரன் புதுச்செடிகள் பலவற்றைப் பரப்பினார். தமிழ்நாட்டில் பெங்களூர் கத்திரிக்காய் என்றும் அழைக்கப்படும் சௌசௌ அவற்றுள் ஒன்று, அதுவும் பந்தலில் படரும் கொடி. 1908-இல் பொறுப்பேற்ற ஜெர்மானியர் குரும்பிகல், ஒரு மரத்தின் பூப்பருவம் முடிகையில் இன்னொன்று பூக்குமாறு சாலைமரங்களைத் தேர்ந்தார். 1912-இல் மைசூர் தோட்டக்கலைச் சங்கம் தோன்றியது. மலர்க்காட்சிகள் வாயிலாகத் தோட்ட ஆர்வம் நடுத்தர வீடுகளுக்கும் பரவியது.

இதற்குச் சற்று முன்பே, 1898-இல் பிளேக் நோய் நெரிசலான பழைய நகர்ப்பகுதியான பேட்டையைத் தாக்கியபின், மல்லேஸ்வரம், பசவனகுடி என்னும் புதுக் குடியிருப்புகளில் குடியேறியவர்கள், வீட்டைச் சுற்றிக் காற்றோட்டமான இடம் விட்டுக் கட்டினர். அங்குக் குரோட்டன்ஸுக்கு அருகிலேயே துளசிமாடமும், பூசைக்குப் பறிக்கும் செம்பருத்தியும் நந்தியாவட்டையும் இருந்தன. பங்களாவின் அலங்காரத் தோட்டம் இல்லத்தின் பயன்தோட்டமாக மாறியது இங்கேதான். இவ்வழக்கத்தின் மிக அழகிய வடிவமும் இதுவே.

நகரின் பிற்கால விரிவாக்கங்களில் 30-க்கு 40 அடி மனையே நடைமுறை அளவாயிற்று. முன்புறத்தைக் கார் எடுத்துக்கொண்டது. 2025 ஆகஸ்டில் தொடங்கிய மெட்ரோவின் மஞ்சள் தடம் பொம்மசந்திராவில் முடிகிறது. அத்தடம் எட்டும் இத்தகைய புறநகர்ப் பகுதிகளின் வீடுகளில் பூந்தொட்டிகள் படிக்கட்டில் ஏறியுள்ளன; தட்டியின் வேலையை மாடி கிரில் செய்கிறது; வாழைநாருக்குப் பதில் பிளாஸ்டிக் கயிற்றால் கொடி கட்டப்படுகிறது.