தென்யார்க்: மறைந்துபோன ஒரு தொகுதி

மலைக்கும் ஆற்றுக்கும் வரலாறு உண்டு. நிலப்படத்தின்மேல் எழுதுகோலால் கிழிக்கப்பட்ட கோட்டுக்கும் வரலாறு உண்டோ எனச் சிலர் வினவலாம். உண்டு என்பதற்குக் கனடா நாட்டின் ஒண்டாரியோ மாகாணத்தில் 1926 முதல் 1999 வரை நிலவிய ‘யார்க் சவுத்’ என்னும் தென்யார்க் சட்டமன்றத் தொகுதி சான்றாகும். எழுபத்துமூன்று ஆண்டுகளில் அது மூன்று கட்சித் தலைவர்களைச் சட்டமன்றத்திற்கு அனுப்பியது. அவர்களுள் ஒருவர் முதலமைச்சரானார்.

தொழிலாளர் குடியிருப்பு

டொராண்டோ நகரின் வடமேற்கெல்லையை ஒட்டியிருந்தது யார்க் நகரியம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்தானியாவிலிருந்து வந்த தொழிலாளர் பலர் அங்கே மலிவாக மனை வாங்கி, வேலை முடிந்த மாலைகளிலும் ஓய்வு நாட்களிலும் தம் கையாலேயே சிறு வீடுகளைக் கட்டிக்கொண்டனர். பின்னாளில் இத்தாலியரும் போர்த்துக்கீசியரும் கரிபியத் தீவினரும் வந்து குடியேறினர். உழைத்துண்ணும் மக்கள் நிறைந்த பகுதியாயினும், முதற் பதினேழு ஆண்டுகள் இத்தொகுதி கன்சர்வேட்டிவ் கட்சியின் லியோபோல்டு மெக்காலேயையே தேர்ந்தெடுத்து வந்தது.

ஆசிரியர் பெற்ற வெற்றி

மாற்றத்தின் முதல் அறிகுறி அதே பெயருடைய நாடாளுமன்றத் தொகுதியில் தோன்றியது. 1942ஆம் ஆண்டு பிப்ரவரி இடைத்தேர்தலில், முன்னாள் தலைமை அமைச்சர் ஆர்தர் மீகன் அங்கே போட்டியிட்டார். லிபரல் கட்சி வேட்பாளரை நிறுத்தாது ஒதுங்கிக்கொண்டது. அவரை எதிர்த்து நின்றவர் ஜோசப் நோஸ்வொர்தி என்னும் உயர்நிலைப்பள்ளி ஆசிரியர். கூட்டுறவுக் காமன்வெல்த் கூட்டணி என்ற சமதர்மக் கட்சியினர். மீகன் கட்டாயப் படைச்சேவையை முதன்மையாக வற்புறுத்தினார். ஆசிரியரோ, போருக்குப் பின் ஏழை எளியோர்க்கு என்ன பாதுகாப்பு என்று கேட்டார். ஆசிரியரே வென்றார்.

அடுத்த ஆண்டு மாகாணத் தேர்தல். தொண்ணூறு இடங்களில் கன்சர்வேட்டிவ் கட்சி 38 பெற, சமதர்மக் கட்சி 34 பெற்று எதிர்க்கட்சியாயிற்று. அதன் தலைவர் டெட் ஜாலிஃப், சீனாவில் சமயத்தொண்டர் குடும்பத்தில் பிறந்த வழக்கறிஞர். அவரைத் தேர்ந்தெடுத்தது தென்யார்க் தொகுதியே.

காலம் கடந்து வந்த உண்மை

1945 மே 24 அன்று ஜாலிஃப் வானொலியில் ஒரு கடுமையான குற்றச்சாட்டை வெளியிட்டார். முதலமைச்சர் ஜார்ஜ் ட்ரூ அரசியல் எதிரிகளை வேவு பார்க்க இரகசியப் போலீஸ் வைத்திருக்கிறார் என்பதே அது. ட்ரூ மறுத்தார். பதினொரு நாட்களில் தேர்தல் வந்தது. ஜாலிஃபின் கட்சி எட்டு இடங்களுக்கு இறங்கியது. தென்யார்க்கும் அவரைக் கைவிட்டது. நீதிபதி லெபெல் நடத்திய விசாரணையும் முதலமைச்சர்மீது குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என முடிவு கூறியது. ஆனால், வேவு அறிக்கைகளை எழுதிவந்த போலீஸ் அதிகாரி ஒருவர் இருந்தது பொய்யன்று. ட்ரூ விட்டுச்சென்ற கடிதங்களைப் பல பத்தாண்டுகளுக்குப் பின் பார்வையிட்டபொழுது, அவர் மறுத்ததே நம்பத்தகாதது எனப் புலனாயிற்று. வாக்காளர் தீர்ப்பு அன்றைக்குத் தெரிந்ததைக் கொண்டு அளிக்கப்படுவது. வரலாற்றின் தீர்ப்போ காத்திருந்து வருவது.

1948இல் ஜாலிஃப் மீண்டும் வென்றார். 1951இல் மீண்டும் தோற்றார். அவ்வாண்டு கட்சிக்குக் கிடைத்தவை இரண்டே இடங்கள்.

நாற்பத்தோராண்டுப் பிணைப்பு

1953இல் கட்சித் தலைமையை ஏற்ற டொனால்டு மெக்டொனால்டு, சட்டமன்றத்தில் இடமில்லாத தலைவராகவே இரண்டாண்டுகள் உழைத்தார். 1955இல் தென்யார்க் அவரை ஏற்றது. அதன்பின் இருபத்தேழு ஆண்டுகள் அவர் தோற்கவில்லை. 1961இல் கட்சி ‘புதிய ஜனநாயகக் கட்சி’யாக மாறியது, 1970இல் அவர் தலைமையைத் துறந்தார், தொகுதி மட்டும் மாறவில்லை. 1982இல் புதிய தலைவர் பாப் ரே சட்டமன்றம் புகுவதற்காக, வெல்லக்கூடிய அந்த இடத்தையே அவர் விட்டுக்கொடுத்தார்.

1990இல் எவரும் எதிர்பாராத வண்ணம் 130 இடங்களில் 74 பெற்று ரே முதலமைச்சரானார். தொழிலாளர் தொகுதியின் கனவு பலித்தது எனலாம். ஆனால், வந்தது பொருளாதார மந்த காலம். 1993இல் அவர் கொண்டுவந்த சமூக ஒப்பந்தச் சட்டம் அரசு ஊழியர்க்கும் ஆசிரியர்க்கும் ஊதிய உயர்வை நிறுத்தி, சம்பளமில்லா விடுப்பு நாட்களை விதித்தது. ஆட்குறைப்பைத் தவிர்க்கவே இது என்றார் அவர். கையெழுத்திட்ட உடன்படிக்கையைச் சட்டத்தால் மீறுவதா என்றன தொழிற்சங்கங்கள். கட்சியைத் தாங்கிய தூண்களே விலகின. 1995இல் கட்சிக்கு மிஞ்சியவை பதினேழு இடங்கள். அப்பொழுதும் தென்யார்க் ரேயைக் கைவிடவில்லை.

1996இல் அவர் விலகியதும் இடைத்தேர்தல் வந்தது. ஏழைகளுக்கான உணவு வங்கியை நடத்திப் பெயர்பெற்ற ஜெரார்டு கென்னடி, லிபரல் சார்பில் வென்றார். தோற்ற புதிய ஜனநாயக வேட்பாளர் டேவிட் மில்லர், பின்னாளில் டொராண்டோ மேயரானார். நாற்பத்தோராண்டுப் பிணைப்பு அறுந்தது.

அழிந்த கோடு

அரசியல்வாதிகளின் தொகையைக் குறைப்பது சிக்கனம் எனக் கூறி, அன்றைய மாகாண அரசு 130 தொகுதிகளை 103 ஆக்கிச் சட்டம் செய்தது. யார்க் நகரம் 1998இல் டொராண்டோவுடன் இணைக்கப்பட்டது. 1999 தேர்தலோடு தென்யார்க் தொகுதியும் மறைந்தது. பின்வந்த ‘யார்க் சவுத்-வெஸ்டன்’ தொகுதியைப் புதிய ஜனநாயகக் கட்சி 2007 இடைத்தேர்தலிலும் 2018இலும் வென்றதுண்டு. இருமுறையும் அடுத்த தேர்தலிலேயே இழந்தது.

தொகுதி எந்தக் கட்சிக்கும் பிதிரார்ச்சிதச் சொத்தன்று என்பதைத் தென்யார்க் மக்கள் பன்முறை காட்டினர். ஆயினும் உறுப்பினர் குறையக் குறைய, ஓர் உறுப்பினர் கேட்கவேண்டிய குறைகள் பெருகும். சிக்கனக் கணக்கு எழுதுவோர் அச்செலவையும் ஏட்டில் ஏற்றுவதே முறையாகும்.