மாலை நான்கு மணிக்குப் பின்: தமிழகக் கல்லூரிகளில் வகுப்பறைக்கு வெளியே விளைந்த மாணவர் வாழ்க்கை

1857 செப்டம்பர் 5ஆம் நாள் சட்டப்படி உருவான சென்னைப் பல்கலைக்கழகம் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் யாருக்கும் பாடம் நடத்தவில்லை. லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்து அமைக்கப்பட்ட அது தேர்வு வைத்தது, தாள் திருத்தியது, பட்டம் கொடுத்தது. கற்பிப்பது கல்லூரிகளின் பாடு. மாணவன் மாலையில் எங்கே போகிறான், எங்கே சாப்பிடுகிறான், யாரோடு பேசுகிறான் என்பதெல்லாம் அதன் கணக்கிலேயே வரவில்லை. பேச்சு மன்றம், மாணவர் பேரவை, நாட்டு நலப்பணித் திட்டம் என்று அமைப்புகளின் பெயரால் அந்த மாலை நேரத்தின் வரலாற்றை எழுதுவது வழக்கம். மாணவன் இரவில் எங்கே தங்கினான் என்ற கேள்வியிலிருந்து தொடங்கினால் வேறொரு வரிசை கிடைக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

19ஆம் நூற்றாண்டில் கும்பகோணத்திலிருந்தோ நெல்லூரிலிருந்தோ சென்னைக்குப் படிக்க வந்த இளைஞன் உறவினர் வீட்டுத் திண்ணையிலும் வாடகை அறையிலும்தான் ஒண்டினான். மாநிலக் கல்லூரிக்கு நடந்து போகும் தொலைவில் இருந்த திருவல்லிக்கேணி அப்படி நிறைந்த பேட்டைகளில் ஒன்று. அங்கே இயங்கிய திருவல்லிக்கேணி இலக்கியச் சங்கத்தைக் கல்லூரி எதுவும் நடத்தவில்லை. 1878இல் இந்தியரான முத்துசாமி ஐயர் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக நியமிக்கப்பட்டபோது ஆங்கிலேயர் கையிலிருந்த பத்திரிகைகள் அவரைத் தாக்கி எழுதின. பதில் சொல்ல ஒரு தாள் இல்லையே என்ற ஆத்திரம் சங்கத்தைச் சேர்ந்த ஆறு பேரைப் பத்திரிகை தொடங்க வைத்தது. ஜி. சுப்பிரமணிய ஐயர், வீரராகவாச்சாரியார் இருவரும் ஆசிரியர்கள். மற்ற நால்வர் சட்ட மாணவர்கள். ஒரு ரூபாய் பன்னிரண்டு அணா கடன் வாங்கி, செப்டம்பர் 20ஆம் நாள் 80 பிரதிகள் அச்சிட்டார்கள். ‘தி இந்து’ அப்படித்தான் பிறந்தது. மாணவர் மன்றம் எதற்கு என்று இன்று கேட்கும் பெற்றோருக்கு இதைச் சொல்லலாம். ஆனால் அந்த நால்வருக்கும் அட்டெண்டன்ஸ் எப்படி இருந்தது என்று அவர்கள் திருப்பிக் கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

திண்ணையும் அறையும் எல்லோருக்கும் கிடைத்துவிடவில்லை. சாதி கேட்டு அறை கொடுத்த நகரம் அது. பிராமணரல்லாத மாணவர்கள் தங்க இடமும் உண்ண இடமும் இல்லாமல் படிப்பை விடுவதைக் கண்ட மருத்துவர் சி. நடேச முதலியார், 1916இல் திருவல்லிக்கேணியிலேயே அவர்களுக்கென்று திராவிடர் இல்லம் என்ற விடுதியைத் தொடங்கினார். அதே ஆண்டின் இறுதியில்தான் நீதிக்கட்சி உருவானது. கட்சி வரலாறுகளில் இந்த விடுதி இரண்டு வரியில் முடிந்துவிடும். கல்வி வரலாற்றில் அதற்கு இன்னும் பெரிய இடம் உண்டு என்று நினைக்கிறேன்: வகுப்பறையில் இடம் கிடைத்தவனுக்கும் மாலைக் கூட்டத்தில் இடம் கிடைக்க வேண்டுமானால், முதலில் அவனுக்கு ஊருக்குள் ஒரு படுக்கை வேண்டும்.

சோற்றுப் பந்தியும் தண்ணீர்ப் பானையும் பாடத்திட்டத்தில் இல்லாதவை. ஆனால் 1943இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் மாணவர்களைத் திரட்டியது பானைதான். பிராமண மாணவருக்கு ஒன்று, மற்றவருக்கு ஒன்று எனத் தனித்தனியாக வைத்திருந்ததை எதிர்த்து எழுந்த பூசலில் திராவிட மாணவர் கழகம் தோன்றியது. மாணவர்களின் பொதுவாழ்வு மேடையில்தான் தொடங்குகிறது என்று எண்ணுவோருக்கு இந்தப் பானை நல்ல மறுப்பு.

பெண்களுக்குக் கணக்கு வேறு. இராணி மேரிக் கல்லூரி 1914இலும் மகளிர் கிறித்தவக் கல்லூரி 1915இலும் தொடங்கியபோது, விடுதி இருந்தால்தான் வெளியூர்ப் பெண்ணைப் படிக்க அனுப்புவது என்ற பேச்சே எழும் நிலை இருந்தது. விடுதி வந்தது, கூடவே வாயிற்கதவு சாத்தும் நேரமும் வந்தது. மதில் சுவருக்குள் ஓர் ஆதாயமும் இருந்தது. மகளிர் கல்லூரி மன்றத்தில் தலைமை தாங்குவதும் கணக்கு வைப்பதும் நாடகத்தில் ராஜாவாக நிற்பதும் பெண்ணாகத்தான் இருந்தாக வேண்டும். மதிலுக்கு வெளியே அதே பெண் பேசக் கிடைத்த மேடைகள் மிகக் குறைவு.

கல்லூரியையும் தங்குமிடத்தையும் ஒரே வளாகமாக இணைத்துப் பார்த்த முயற்சிகளில் இரண்டைச் சொல்லலாம். ஒன்று சென்னைக் கிறித்தவக் கல்லூரி. ஜார்ஜ் டவுன் நெரிசலிலிருந்து 1937இல் தாம்பரம் காட்டுக்குக் குடிபெயர்ந்தபோது சேலையூர், செயின்ட் தாமஸ், பிஷப் ஹீபர் என்று மூன்று ஹால்களோடு அது குடியேறியது. மற்றொன்று, 1929இல் சிதம்பரத்தில் அண்ணாமலைச் செட்டியார் நிறுவிய உறைவிடப் பல்கலைக்கழகம். சென்னையைப் போலக் கேளிக்கைகள் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாத அந்த ஊரில் மாணவனுக்குப் பொழுதுபோக்கு இன்னொரு மாணவன்தான். இரவு மெஸ்ஸில் தொடங்கிய தர்க்கம் அறை வரைக்கும் வரும். பின்னாளில் திராவிட இயக்கத் தலைவர்களான நெடுஞ்செழியனும் அன்பழகனும் 1940களின் தொடக்கத்தில் அங்கே தமிழ் படித்தார்கள். அவர்களை மேடைப் பேச்சாளர்களாக்கியதில் பாடத்துக்கு இருந்த பங்கு விடுதிக்கும் இருந்திருக்கும் என்று கொள்வதில் தவறில்லை.

1965இன் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் இந்த வாழ்க்கை அதன் உச்சத்தைத் தொட்டது. ஜனவரி 25ஆம் நாள் மதுரையில் தியாகராசர் கல்லூரி மாணவர்களான கா. காளிமுத்துவும் நா. காமராசனும் அரசியல் சட்டத்தின் ஆட்சிமொழிப் பகுதியைக் கொளுத்தினார்கள். இரண்டு நாள் கழித்துச் சிதம்பரத்தில் போலீஸ் சுட்டதில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் இறந்தார். போராட்டத்தை நடத்திய மாணவர் குழு தி.மு.க.வின் கிளை அல்ல. கட்சி நிறுத்தச் சொன்னதும் அது நின்றுவிடவுமில்லை. கல்லூரிகளை மூடியதும் விடுதி மாணவர்கள் ஊர் திரும்பினார்கள். போராட்டச் செய்தியும் அவர்களோடு ஊர்களுக்குப் போயிற்று. 1967 தேர்தலில் விருதுநகரில் காமராசரை 1,285 வாக்குகளில் தோற்கடித்த பெ. சீனிவாசன் இந்த மாணவர் அணியிலிருந்து வந்தவர்.

இதன்பின் அரசு மாலை நேரத்தைக் கவனிக்கத் தொடங்கியது. சீனப் போருக்குப் பின் 1963இல் கட்டாயமாக்கப்பட்ட தேசிய மாணவர் படை, 1968இல் மீண்டும் விருப்பத்துக்குரியதானது. 1969 செப்டம்பர் 24ஆம் நாள் நாட்டு நலப்பணித் திட்டம் 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கியது. இதன் வேர் பழையது: சுதந்திரத்துக்குப் பிறகு அமைந்த ராதாகிருஷ்ணன் கல்விக் குழுவே மாணவர் தொண்டைப் பரிந்துரைத்தது. இருபதாண்டு கோப்பில் கிடந்த யோசனை, நாடெங்கும் மாணவர் கொந்தளிப்பு பேசப்பட்ட பத்தாண்டின் முடிவில் செயலுக்கு வந்ததைத் தற்செயல் என்று என்னால் ஏற்க முடியவில்லை. சிறப்பு முகாமில் ஏரிக்கரை வெட்டியவர்களும் பள்ளிச் சுவருக்கு வெள்ளையடித்தவர்களும் கற்றுக்கொண்டது ஏராளம். ஆனால் என்ன செய்வது, எப்போது செய்வது என்பதை முடிவு செய்யும் உரிமை அலுவலர் கைக்குப் போய்விட்டது. மாணவர் பேரவைத் தேர்தலுக்கும் அதே கதிதான். 2006இல் லிங்டோ குழு ஒரு வேட்பாளருக்கு 5,000 ரூபாய்ச் செலவு வரம்பும் 75 விழுக்காடு வருகைப் பதிவும் வேண்டும் என்று விதித்தது. தமிழகத்தின் பல கல்லூரிகளில் அந்த விதிகளுக்கு வேலையே இல்லை, தேர்தலே நடப்பதில்லை.

அடுத்த கட்டம் மதிப்பெண். 2008 அளவில் தமிழகக் கலை அறிவியல் கல்லூரிகளுக்கு வந்த விருப்பப் பாடத் திட்டத்தில் ‘பகுதி 5’ என்று விரிவாக்கப் பணி சேர்ந்தது. பட்டத்துக்கு வேண்டிய 140 கிரெடிட்டில் அதற்கு ஒன்று. கொடி நாள் உண்டியல், ரத்த தானம், மரக்கன்று, விளையாட்டு எல்லாம் அந்த ஒன்றுக்குள் அடக்கம். இதை முழுக்கக் குறை சொல்லவும் மனம் வரவில்லை: வீட்டுக்குத் தெரியாமல் முகாமுக்குப் போக வேண்டியிருந்த பெண்ணுக்கு, ‘மார்க் உண்டும்மா’ என்ற ஒரு சொல் கதவைத் திறந்துவிட்டிருக்கிறது.

1984க்குப் பின் ஊருக்கு வெளியே பெருகிய சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் மாணவனை வேறு வகையில் கட்டின. மாலையில் கல்லூரிப் பேருந்து புறப்படும். அதை விட்டால் வீடு சேர வழியில்லை. ஆகவே மன்றக் கூட்டமும் கால அட்டவணையில் ஒரு பீரியடாகிவிட்டது.

சென்னையின் அரசு, உதவிபெறும் கல்லூரிகளில் படிக்கும் டே ஸ்காலர்களோ தங்களுக்கென்று ஒன்றை உண்டாக்கிக்கொண்டார்கள். தினமும் ஒரே மாநகரப் பேருந்தில் வருகிறவர்கள் சேர்ந்து ‘ரூட்டு’ ஆனார்கள். அதற்கு ஒரு ‘ரூட்டு தல’, ஒரு கானாப் பாட்டு, ஆண்டுக்கொரு முறை பேருந்தைக் கொண்டாடும் பஸ் டே. பெரும்பாலும் குடும்பத்தில் முதலில் கல்லூரி மிதித்தவர்கள். விடுதி மாணவனுக்கு மெஸ் எதுவோ, இவர்களுக்குப் பின்படிக்கட்டு அது. அதோடு வன்முறையும் வந்தது: ரூட்டுக்கு ரூட்டு அடிதடி, பட்டாக்கத்தி, கைது. உயர் நீதிமன்றம் பஸ் டேக்குத் தடை விதித்த பிறகும் அது ஓயவில்லை. 2019 ஜூனில், பிரேக் போட்ட பேருந்தின் கூரையிலிருந்து மாணவர்கள் கொத்தாகச் சாலையில் விழுந்த காட்சியை நாடே பார்த்தது.

இதைச் சட்டம் ஒழுங்குச் சிக்கலாக மட்டும் பார்த்தால், கல்லூரி மூடிய பிறகு நின்று பேச இடம் தரப்படாத மாணவர் அதை எங்கே தேடிக்கொண்டார் என்பது விளங்காது. ஆய்வாளருக்குச் சான்றுச் சிக்கலும் இங்கே உண்டு. விடுதிகள் ஆண்டு மலர்களை விட்டுச் சென்றிருக்கின்றன, மன்றங்கள் அறிக்கைகளை. ரூட்டு மாணவர்கள் விட்டுச் செல்வது முதல் தகவல் அறிக்கையும் செல்போன் வீடியோவும்தான். முதலாவதைக் காவலர் எழுதுகிறார். இரண்டாவதில் கானாவைத் தவிர வேறு பேச்சு காதில் விழுவதில்லை. அந்தக் கானாக்களில் வரும் தெருப் பெயர்களையும் நிறுத்தங்களையும் குறித்து வைப்பதிலிருந்துதான் இந்த வரலாற்றின் அடுத்த அத்தியாயத்துக்கான வேலை தொடங்க வேண்டும்.